பதினேழாம் அத்தியாயத்தில் நிற்பவர்கள்

வானத்திலிருந்து வந்த புத்தகத்தில் பொருளடக்கம் மட்டும்தான் இருந்தது. அதற்கே உலகம் இரண்டு வருடமாகத் தூக்கம் கெட்டுக் கிடந்தது.

பன்னிரண்டு ஒளியாண்டு தொலைவில், வெறுங்கண்ணுக்கு எட்டாத ஒரு மங்கல் விண்மீன். அதன் பக்கத்திலிருந்து வந்த அலையைக் கல்வராயன் மலையில் இருக்கும் ரேடியோ தொலைநோக்கிகள்தான் முதலில் பிடித்தன. நாற்பது துண்டுகள். நாற்பதும் முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து. ஒவ்வொரு துண்டிலும் ஒரு சின்னப் படம், ஓர் எண், ஓர் அலைவரிசை. நிலையத்தின் தலைவி செண்பகவல்லி, கோவில்பட்டிக்காரர், இந்த மாதிரி ஒரு நாளுக்காகவே முப்பது வருடம் மலையில் குந்தியிருந்தவர். அந்த நாள் வந்தபோது ஒன்றும் விளங்காமல் விழித்தார். கணக்கா, எழுத்தா, வரைபடமா என்று மூன்று மாதம் மண்டையை உடைத்துக்கொண்டார்கள்.

விளங்க வைத்தது ஞானையாவின் பொறுமையின்மை. நாசரேத்துக்காரரான ஞானையா அங்கே அலைகளைப் பிரித்துப் படிக்கும் பொறியாளர். ஒரு காலை கேன்டீனில் உப்புமாவுக்குக் காத்திருக்கும் நேரத்தில் மின்னூல் கருவியில் ஒரு கொலைக்கதையைப் படித்துக்கொண்டிருந்தார். கொலைகாரன் யார் என்று தெரிந்தே ஆக வேண்டும் போலிருக்க, பொருளடக்கத்தைத் திறந்து, கடைசி அத்தியாயத்தின் தலைப்பைத் தட்டப் போன விரல் அப்படியே நின்றது. உப்புமா வருவதற்குள் ஆள் எழுந்து ஓடிவிட்டார்.

"மேடம், நமக்கு வந்தது புஸ்தகம் இல்ல, பொருளடக்கம்" என்றார், மூச்சு வாங்க. "படம்தான் தலைப்பு. எண் அத்தியாயத்தோட நீளம். அந்த அலைவரிசை இருக்குல்லா, அதுதான் விரல் வைக்க வேண்டிய இடம். நாம அதே அலைவரிசையில திருப்பி ஒரு தட்டுத் தட்டினா அந்த அத்தியாயத்த அனுப்புவான்."

"எவன் அனுப்புவான்?"

"எழுதினவன்."

செண்பகவல்லி நாற்காலியில் உட்கார்ந்து கணக்குப் போட்டார். நம்முடைய தட்டு அங்கே போய்ச் சேரப் பன்னிரண்டு வருடம், அத்தியாயம் இங்கே வந்து சேரப் பன்னிரண்டு. ஒரு தட்டுக்கு இருபத்துநான்கு வருடம். ஒரு நேரத்தில் ஓர் அத்தியாயம்தான் கேட்க முடியும் என்பதும் பின்னால் தெரிந்தது. அவ்வளவு பெரிய நூலகத்தின் வாசலில் நின்றுகொண்டிருக்கிறோம் என்ற நினைப்பில் அவருக்குக் கைகால் ஓடவில்லை. அன்றைக்கு முழுக்க யாரைப் பார்த்தாலும் சிரித்தார் என்று கேன்டீன்காரர் பின்னாளில் சொன்னார்.

எந்த அத்தியாயத்தைத் தட்டுவது என்று நாடுகள் அடித்துக்கொண்டன. சூரியன் போல் ஒரு படம் போட்ட ஐந்தாவது மின்சாரத்தைப் பற்றியது என்று ஒரு கட்சி, சுருண்ட புழு போல் இருக்கும் ஒன்பதாவது நோயைப் பற்றியது என்று இன்னொரு கட்சி. அந்தச் சண்டை நடந்துகொண்டிருக்கும்போதுதான் செண்பகவல்லி ஒரு கீற்றைக் கண்டுபிடித்தார். பதினேழாவது துண்டின் ஓரத்தில் மட்டும் சின்னதாக ஒரு துடிப்பு. மின்னூல் கருவியில் பொருளடக்கத்தைத் திறந்தால் நாம் எதுவரை படித்திருக்கிறோம் என்று ஓர் அடையாளம் நிற்குமே, அதே தான்.

வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். சந்தோஷம் தாங்காமல் பத்திரிகைக்காரர்களைக் கூட்டிச் சொல்லிவிட்டார். "நமக்கு முன்னாடியே யாரோ இத வாசிச்சிட்டிருக்காங்க. பதினேழாவது அத்தியாயம் வரைக்கும் வந்திருக்காங்க."

முன்வரிசையில் இருந்த ஒரு பெண் நிருபர் சாதாரணமாகத்தான் கேட்டார். "அதுக்கப்புறம் ஏன் மேடம் வாசிக்கல?"

அந்தக் கேள்வி ஒரே வாரத்தில் பூமியைச் சுற்றி வந்தது. மாதங்கள் போயின, அடையாளம் பதினேழை விட்டு அசையவில்லை. பதினேழாவது அத்தியாயத்தைப் படித்தவர்கள் அதோடு முடிந்துபோனார்கள் என்று முதலில் யார் சொன்னார்களோ, பிறகு எல்லோரும் சொன்னார்கள். பதினேழாம் தேதி முகூர்த்தம் என்றால் மண்டபங்கள் காலியாகக் கிடந்தன. அடுக்குமாடிக்காரர்கள் பதினாறுக்கு மேல் பதினெட்டு என்று பலகை மாட்டினார்கள். அதைப் பார்த்துச் சிரிக்கலாம். ஆனால் பிள்ளையே வேண்டாம் என்று முடிவெடுத்த இளம் ஜோடிகளைப் பார்த்துச் சிரிக்க முடியவில்லை. பதிலே அனுப்பக் கூடாது, அனுப்பும் கருவியையே கழற்றிப் போட வேண்டும் என்று ஓர் இயக்கம் கிளம்பி, நாட்டுக்கு நாடு கிளை விட்டது. கடைசியில் பன்னாட்டு விண்செய்தி மன்றம் அதை வாக்கெடுப்புக்குக் கொண்டுவந்தது. வாக்கெடுப்புக்கு முன் கடைசியாகப் பேச வேண்டியவர் செண்பகவல்லி.

அவர் பேச்சைத் தயார் செய்துகொண்டிருந்த வாரத்தில் மகள் கோமதி மலையேறி வந்தாள், ஏழு மாத வயிற்றோடு.

"வாட்டி. சொல்லியிருந்தா ஜீப் அனுப்பியிருப்பேன்லா. இந்த வளைவுல எல்லாம் இப்படியா வருவாங்க."

"மெதுவாத்தாம்மா வந்தேன். உக்காரு, உங்கிட்டப் பேசணும்."

கோமதிக்குச் சென்னையில் ஒரு மின்னூல் நிறுவனத்தில் வேலை. எந்த வாசகர் எந்தப் பக்கத்தில் புத்தகத்தை மூடினார் என்று பார்த்து எழுத்தாளர்களுக்குச் சொல்லி, அவர்களுடைய வயிற்றெரிச்சலைக் கொட்டிக்கொள்கிற வேலை. அவள் சுற்றி வளைக்கவில்லை.

"வெள்ளிக்கிழம நீ பேசும்போது, பதில் அனுப்ப வேண்டாம்னு சொல்லு."

செண்பகவல்லிக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்த இயக்கத்தில் ஊரெல்லாம் சேர்ந்திருப்பது தெரியும். தன் வீட்டிலேயே ஆள் சேர்ந்திருப்பது தெரியாது.

"நீயுமாட்டி?"

"நான் கொடி பிடிக்கிறவ இல்லம்மா. ஆனா தினம் இதத்தான பாக்கேன். ஒருத்தர் பாதியில நிறுத்தினா மூணு காரணம்தான் இருக்கும். பிடிக்கல, நேரமில்ல, இல்லன்னா ஆளே இல்ல. விண்மீனுக்கு விண்மீன் பேசத் தெரிஞ்சவங்களுக்குப் பிடிக்காமப் போச்சா? பதினேழு அத்தியாயத்துக்கு நூத்துக்கணக்கான வருஷம் காத்துக் கிடந்தவங்களுக்கு நேரமில்லாமப் போச்சா?"

"அப்ப ஆளே இல்லன்னு சொல்லுதியா?"

"இருக்காங்கன்னு நீ சொல்லு. நான் இப்பவே கிளம்பிப் போயிருதேன்."

செண்பகவல்லிக்கு மகளிடம் பொய் சொல்லிப் பழக்கமில்லை, வேறு பல குறைகள் உண்டு. ஆண்டு விழா, காய்ச்சல், கல்லூரியில் சேர்த்த நாள் என்று எதற்கும் மலையை விட்டு இறங்காத தாய் அவர். கோமதி அதையெல்லாம் எடுத்துப் பேசுவாள் என்று எதிர்பார்த்தார். அவள் பேசவில்லை. வயிற்றின் மேல் கையை வைத்துக்கொண்டு நிதானமாகச் சொன்னாள்.

"நீ இப்பத் தட்டினா, பதில் வரும்போது உனக்கு எண்பத்தஞ்சு. எம்புள்ளைக்கு இருபத்துநாலு. அதத் திறந்து வாசிக்கப் போறது நீ இல்லம்மா, அது."

கோமதி விருந்தினர் அறைக்குப் படுக்கப் போனாள். முப்பது வருடமாகத் தான் கேட்க ஆசைப்பட்ட கேள்விக்கு விலை தன் பேரப்பிள்ளையாக இருக்கலாம் என்று செண்பகவல்லிக்கு முதல்முறையாக உறைத்தது. பயமாக இருந்தது.

மறுநாள் காலை பனி விலகுவதற்குள் அவர் ஞானையாவின் மேசைக்கு முன் நின்றார்.

"அந்தப் பதினேழு இந்த ரெண்டு வருஷத்துல ஒரு தடவகூட அசையலியா? நல்லாப் பாத்தியளா?"

"கல்லு மாதிரி நிக்கி மேடம். பாருங்க." அவர் திரையைத் திருப்பிக் காட்டினார். வழவழவென்று ஒரு கோடு. நாற்பது இடங்களில் முப்பத்தொன்பது வெறுமை, பதினேழில் மட்டும் கூர்மையாக ஒரு முனை.

"இவ்வளவு சுத்தமா எப்படி இருக்கு?"

"இதென்ன கேள்வி. எல்லாத்தையும் கூட்டித்தான்."

செண்பகவல்லி திரையையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு மெதுவாகச் சொன்னார். "கூட்டிட்டோம்லா."

ரேடியோ வானியலுக்கு வருகிற எவருக்கும் முதல் நாள் சொல்லித்தரும் பாடம் அது. வானத்திலிருந்து வரும் அலை அவ்வளவு பலவீனமானது. ஒரே செய்தி திரும்பத் திரும்ப வந்தால் ஆயிரம் பிரதிகளை ஒன்றன்மேல் ஒன்றாகக் கூட்டிச் சராசரி எடுப்பார்கள். எல்லாப் பிரதியிலும் இருப்பது துலங்கும், ஒன்றில் இருந்து மற்றதில் இல்லாதது இரைச்சல் என்று கழிந்துவிடும். கோயில் வாசலில் ஒரே இடத்தில் நின்று ஆயிரம் புகைப்படம் எடுத்து அடுக்கினால் கோபுரம் பளிச்சென்று தெரியும், வாசலில் போகிற வருகிற ஜனம் ஒருவர்கூடத் தெரியமாட்டார்கள். கோபுரத்தைத் தேடுகிறவர்களுக்கு அது நல்ல வழிதான். இவர்கள் தேடிக்கொண்டிருந்ததோ வாசகனை.

"ஞானையா, நாம ஜனத்தத் தொலைச்சிட்டோம்" என்றார் செண்பகவல்லி. "கூட்டாமப் பிரிச்சுப் போடுங்க. ஒரு நாளுக்கு ஒரு பிரதியா."

ஞானையாவின் முகம் மாறியது. அவரும் அதே பள்ளியில் படித்தவர்தானே. கணினிகளை அந்த வேலைக்குத் திருப்பினார். இரண்டு வருடப் பதிவு. முற்பகல் முழுக்க ஓடியது. இருவரும் டீ குடித்தார்கள், டீயை மறந்தார்கள், ஆறியதைக் குடித்தார்கள்.

மதியத்துக்குச் சற்று முன் திரையில் புள்ளிகள் வரத் தொடங்கின.

ஒன்றல்ல. பதினேழில் ஒரு புள்ளி, அதன் பக்கத்தில் இன்னொன்று, அதை ஒட்டி இன்னும் பத்து. இத்தனை காலம் ஒரே கீற்று என்று நினைத்திருந்தது அத்தனையும் சேர்ந்த மொத்தம். பதினான்கில் ஒன்று, பதினைந்தில் இரண்டு, பதினாறில் ஒரு சின்னக் கூட்டம். திரை நிறைந்துகொண்டே போனது. ஒவ்வொரு புள்ளியோடும் ஒரு சிறு எண்வரிசை ஒட்டியிருந்தது, அதையும் இத்தனை நாள் இரைச்சல் என்று பெருக்கித் தள்ளியிருந்தார்கள். ஞானையா அந்த எண்களில் ஒன்றை எடுத்துப் பார்த்தார், இன்னொன்றைப் பார்த்தார், விண்மீன் அட்டவணையைத் திறந்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"இது தெச மேடம். அங்கருந்து பாத்தா எந்தெந்தத் தெசயில எந்தெந்த விண்மீன்னு. ஒரு புள்ளி ஒரு ஊரு." கண்ணாடியைத் திரும்ப மாட்டிக்கொண்டார். "முந்நூத்திப் பதினோரு ஊரு."

ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போகும் ஞானையா ஆண்டவரை அலுவலகத்தில் கூப்பிடுவதில்லை. அன்றைக்குக் கூப்பிட்டார், மிகவும் மெதுவாக. செண்பகவல்லி எழுந்து திரைக்கு அருகில் போய் நின்றார். சின்ன வயதில் மொட்டைமாடியில் படுத்து, அங்கே யாராவது இருப்பார்களா என்று கேட்ட அதே பெண்தான் அவர். கேள்விக்கு இப்படி முந்நூறு பேர் சேர்ந்து பதில் சொல்வார்கள் என்று அவர் கனவிலும் நினைத்ததில்லை. ஒருத்தரும் தனியாக இல்லை, இத்தனை காலம் வானம் முழுக்க ஆட்கள் உட்கார்ந்து ஒரே புத்தகத்தைப் படித்துக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

அந்த மகிழ்ச்சி பத்து நிமிடம்கூட நீடிக்கவில்லை. ஞானையா பதிவை நாள்வாரியாக ஓடவிட்டார். பதினாறில் இருந்தவர்கள் ஒவ்வொருவராகப் பதினேழுக்கு வந்தார்கள். பதினைந்தில் இருந்தவர்கள் வந்தார்கள். போன மாதம், பதினான்கில் மிச்சமிருந்த கடைசிப் புள்ளியும் நேரே பதினேழுக்குத் தாவியது. வந்தவர்கள் எல்லாரும் அங்கேயே நின்றார்கள். பதினெட்டில் எவரும் இல்லை. பத்தொன்பதில் இல்லை. நாற்பது வரைக்கும் வெறிச்சென்று கிடந்தது.

"ஒருத்தர் செத்தாங்கன்னு ஊரு சொல்லிச்சு" என்றார் ஞானையா. "முந்நூத்திப் பதினோரு பேரா மேடம்?"

செண்பகவல்லி நேராக விருந்தினர் அறைக்குப் போனார். கோமதி வாசலில் நாற்காலி போட்டு, கடுக்காய் மரங்களைப் பார்த்தபடி தயிர்சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

"நீ சொன்னதுதான் சரின்னு தோணுதுட்டி. ஒரு ஆளு இல்ல, முந்நூறு பேரு. எல்லாரும் அந்தப் பதினேழுலதான் நின்னிருக்காங்க. நான் வெள்ளிக்கிழம வேண்டாம்னே சொல்லிருதேன்."

கோமதி ஜெயித்துவிட்ட மாதிரித் தெரியவில்லை. தட்டைக் கீழே வைத்துவிட்டுத் தாயின் முகத்தைப் பார்த்தாள்.

"முந்நூறு பேரா?"

"ஆமா."

"நான் பாக்கணும்."

இருவரும் கட்டுப்பாட்டு அறைக்கு வந்தார்கள். கோமதி திரைக்கு முன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். அலுவலகத்தில் தினமும் பார்க்கிற மாதிரியான படம்தான், வாசகர்கள் மட்டும் வேறு. பயத்தை மீறி அவள் கண்கள் விரிந்தன.

"பதினேழுக்கு வந்த பொறவு ஒருத்தரும் கொஞ்சங்கூட அசையலியே அங்கிள். இது எப்படி எடுத்தது?"

"நாள்வாரியாம்மா" என்றார் ஞானையா. "ஒரு நாள் முழுக்க வந்த பதிவெல்லாம் ஒண்ணாக் கூட்டி..."

வாய்க்குள்ளேயே மிச்சத்தை விழுங்கினார். செண்பகவல்லியும் அவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். முப்பது வருடப் பழக்கம், ஒரே நாளில் இரண்டு முறை ஏமாற்றியிருந்தது.

"கூட்டவே வேண்டாம்" என்றார் செண்பகவல்லி. "வந்தது வந்தபடி ஓட விடுங்க. இரைச்சல் இருந்துட்டுப் போகுது."

இரைச்சல் இருக்கத்தான் செய்தது. திரை முழுக்க உப்பைத் தூவியது போல் வெள்ளைப் பொறிகள். கண்ணுக்குப் பழகக் கொஞ்ச நேரம் ஆனது. பழகிய பிறகு மூவருமே பார்த்தார்கள். பதினேழில் நின்ற புள்ளிகளில் ஒன்று காணாமல் போய், பொருளடக்கத்தின் உச்சிக்கு வந்து, ஒரு கணம் நின்று, மறுபடி பதினேழுக்குத் திரும்பியது. பிறகு வேறொன்று அதே மாதிரி வந்து போனது. பிறகு இரண்டு சேர்ந்தாற்போல். ஒரு நிமிடம் விடாமல் யாராவது வந்துகொண்டே இருந்தார்கள்.

"கோளாறா?" என்றார் ஞானையா.

கோமதி இல்லை என்று தலையாட்டினாள். அவள் குரல் மாறியிருந்தது. "பொருளடக்கத்தத் திறந்து பாக்காங்க அங்கிள். பாத்துட்டு அவங்க எடத்துக்குப் போறாங்க." திரும்பித் தாயைப் பார்த்தாள். "செத்தவங்க எதுக்கும்மா பொருளடக்கத்தத் திறக்கணும்?"

செண்பகவல்லி திரைக்கு இன்னும் கிட்டத்தில் வந்தார்.

"அப்ப ஏன் மேல போகல?"

கோமதி இன்னும் நாலைந்து புள்ளிகள் வந்து போவதைப் பார்த்தாள். "எங்ககிட்டக் கூட்டு வாசிப்புன்னு ஒண்ணு இருக்கு. இருபது முப்பது பேரு சேந்து ஒரு புஸ்தகத்த வாசிப்பாங்க. எழுதினவங்க நடுவுல ஒரு அத்தியாயத்துல பூட்டப் போட்டிருப்பாங்க. எல்லாரும் அங்க வந்து சேந்தாத்தான் அடுத்தது திறக்கும். யாரும் முந்திக்கிட்டுப் போயி முடிவச் சொல்லிறக் கூடாதுல்ல, அதுக்கு. முதல்ல வந்து சேந்தவங்க என்ன செய்வாங்க தெரியுமா? அப்பப்பப் பொருளடக்கத்துக்குப் போயி, வராத ஆளு எங்க நிக்காருன்னு பாப்பாங்க. எங்க படத்துல இப்படியேதான் தெரியும்."

"பந்தியில கடைசி இலைக்குப் பரிமாறட்டும்னு சோத்துல கை வைக்காம இருக்க மாதிரி" என்றார் ஞானையா.

"வராத ஆளு யாரு?" என்று கேட்டார் செண்பகவல்லி. "முந்நூத்திப் பதினொண்ணும் பதினேழுலதான நிக்கி."

மூவரும் திரையின் உச்சியைத்தான் பார்த்தார்கள். எல்லாரும் வந்து வந்து பார்த்துவிட்டுப் போகிற அந்த இடத்தில், முதல் அத்தியாயத்துக்கும் மேலே, தலைப்பருகில், ஒரு புள்ளி ஏற்கெனவே இருந்தது. மிகவும் மங்கலாக. செய்தி அங்கிருந்துதான் ஆரம்பிக்கிறது என்பதால் அதைத் தொடக்கக் குறி என்று நினைத்துப் பேசாமல் விட்டிருந்தார்கள். இன்னும் ஒரு பக்கம்கூடப் புரட்டாத வாசகருக்கு அடையாளம் அங்கேதான் இருக்கும்.

அதற்கும் ஓர் எண்வரிசை ஒட்டியிருந்தது. ஞானையா அதை எடுத்துத் திசையைக் கணக்கிட்டார். தப்பு என்று அழித்தார். மறுபடி போட்டார். மூன்றாவது முறையும் அதே விடை வந்தபோது அவர் திரும்பவே இல்லை, முதுகைக் காட்டிக்கொண்டே சொன்னார்.

"நம்ம சூரியன் மேடம்."

செண்பகவல்லி அழுதார். மறைக்கவெல்லாம் முயலவில்லை. நம்முடைய பாட்டும் செய்தியும் விளம்பரமும் அலையாகக் கசிந்து, என்றோ ஒருநாள் அங்கே போய் விழுந்திருக்கின்றன. விழுந்த அன்றைக்கே நமக்கும் ஒரு பிரதியைத் திறந்து, நம் பெயரில் ஓர் இடமும் போட்டு வைத்துவிட்டார்கள். நாம் பயந்து, பலகையை மாற்றி, வாக்கெடுப்பு நடத்திக்கொண்டிருக்கும்போது, முந்நூற்றுப் பதினோரு ஊர்க்காரர்கள் வேலைக்கு நடுவே எழுந்து வந்து, வந்தார்களா என்று எட்டிப் பார்த்துவிட்டுப் போய்க்கொண்டிருந்தார்கள்.

கோமதி எழுந்து வந்து தாயின் தோளைப் பிடித்துக்கொண்டாள். அவளும் அழுதுகொண்டுதான் இருந்தாள்.

வெள்ளிக்கிழமை மன்றத்தில் செண்பகவல்லி நீளமாகப் பேசவில்லை. பத்திரிகைக்காரர்களிடம் தான் அவசரப்பட்டுச் சொன்னது தப்பு என்றார். கூட்டாத பதிவை ஓடவிட்டு, எல்லா நாட்டுக்காரர்களையும் பார்க்கச் சொன்னார். "இவங்க காத்திருக்காங்கன்னு நான் நம்புறேன். நிச்சயமாச் சொல்ல முடியாது. பதினேழுல என்ன இருக்குன்னு எனக்குத் தெரியாது" என்று சொல்லி உட்கார்ந்தார். வாக்கெடுப்பில் பதில் அனுப்பலாம் என்ற பக்கம் மயிரிழையில் ஜெயித்தது. எந்த அத்தியாயம் என்ற சண்டை மறுபடி தொடங்கி, ஊர் ஒன்றுபடாது என்று தெரிந்ததும், கண்டுபிடித்தவரே முடிவு செய்யட்டும் என்று விட்டுவிட்டார்கள்.

கண்டுபிடித்தவர் மலைக்குத் திரும்பி வந்து மகளிடம் கேட்டார். "வாசிக்கப் போறது உம்புள்ளதான். நீ சொல்லு. அஞ்சா, ஒம்பதா?"

"முறையா ஒண்ணுலருந்து ஆரம்பிக்கறதுதான் நல்லது" என்றார் ஞானையா. "மெதுவா, ஒண்ணொண்ணா. பதினேழுக்கு வர நானூறு வருஷம் ஆகும். ஆனாப் புரிஞ்சு வாசிக்கலாம்."

கோமதி திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். காலை வெயிலில் திரை கொஞ்சம் வெளிறித் தெரிந்தது. உச்சிக்கு ஒரு புள்ளி வந்து போனது.

"நானூறு வருஷமா" என்றாள். "எல்லாரும் வந்தாச்சு. நம்மளாலதான் தாமசம். பதினேழயே தட்டும்மா."

அந்த எண்ணைக் கேட்டதும் செண்பகவல்லி மகளைத் திரும்பிப் பார்த்தார். இதே பெண்தான் போன வாரம் அதே எண்ணுக்குப் பயந்து இத்தனை வளைவு ஏறி வந்தாள். "உனக்குப் பயமா இல்லையாட்டி?"

"இருக்கு. முந்நூறு பேருக்கும் இருந்திருக்கும்ல."

ஞானையாவுக்கு மனம் ஒப்பவில்லை. "பதினாறு அத்தியாயத்த வாசிக்காமப் பதினேழுக்குப் போனா என்னம்மா புரியும்? ஒரு எழுத்துகூட விளங்காது."

"விளங்காட்டா என்ன அங்கிள். நாம அங்க வந்துட்டோம்னு தெரிஞ்சாப் போதும், பூட்டு திறந்துரும். அவங்க எல்லாரும் மேல வாசிக்கட்டும். நாம பொறவு பொறுமையாப் பின்னால போயி ஒண்ணுலருந்து வாசிச்சுக்கலாம். பொருளடக்கம்னு ஒண்ணு எதுக்கு இருக்கு?"

கொலைக்கதையின் கடைசி அத்தியாயத்துக்குத் தாவத் தெரிந்த ஞானையா அதற்கு மேல் வாதாடவில்லை. அலைவரிசையைப் பதினேழுக்கு வைத்தார். செண்பகவல்லி பொத்தானில் கையை வைத்தார், பிறகு எடுத்துவிட்டு மகளின் கையைப் பிடித்து அதன்மேல் வைத்தார். கோமதி ஒரு முறை மூச்சை இழுத்துவிட்டு அழுத்தினாள். வெளியே தொலைநோக்கித் தட்டுகள் எல்லாம் ஒரே பக்கம் பார்த்து நின்றன. சத்தம் ஏதும் இல்லை.

"போயாச்சு" என்றார் ஞானையா.

இனி அது போய்ச் சேரப் பன்னிரண்டு வருடம். நம் புள்ளி உச்சியை விட்டு இறங்கிப் பதினேழில் போய் உட்காருவதை இங்கிருந்து பார்க்க இன்னும் பன்னிரண்டு. அதுவரைக்கும் திரையில் எதுவும் மாறாது. இதோ இப்போதும் ஒரு புள்ளி எழுந்து வந்து, நம்முடைய காலி இடத்தை எட்டிப் பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் திரும்பிப் போயிற்று.

கல்யாண மண்டபத்தில் எல்லாரும் காத்திருக்க, வழியில் மாட்டிக்கொண்டவர் போனில் சொல்வது போல, செண்பகவல்லி திரைக்குக் கிட்டத்தில் குனிந்து சொன்னார்.

"கிளம்பிட்டோம். வந்துக்கிட்டே இருக்கோம்."